கொங்கு நாட்டிலிருந்து ஒருநாள் கடல்: கோழிக்கோட்டுக்கு ரயிலில் போய்வர

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போகிற விஷயம். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. ராத்திரி ஏறுவோம், விடிந்ததும் இறங்குவோம், கோயில், தீர்த்தம், கடலில் ஒரு முழுக்கு, மறுபடியும் ராத்திரிப் பயணம். கடலை உட்கார்ந்து பார்த்த ஞாபகமே இருக்காது. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் மேற்கே போகிறோம். கோயம்புத்தூர் ஜங்ஷனிலிருந்து கோழிக்கோடு ரயில் பாதையில் சுமார் 185 கி.மீ. காலையில் போய்விட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்து படுக்கலாம். முட்டிவலி உள்ள அம்மாவையும் துறுதுறுவென்று ஓடுகிற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நமக்குச் சரியான கடல் அதுதான். ஸ்டேஷனிலிருந்து மெதுவாக நடந்தால்கூட அரை மணி நேரத்துக்குள் மணலில் கால் வைத்துவிடலாம். அந்த வசதி நமக்குப் பெரிய விஷயம்.

முதலில் ரயில். ஒருநாள் பயணத்துக்கு ஊரைவிட ரயிலின் நேரம்தான் முக்கியம். கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் மங்களூரு இன்டர்சிட்டிதான் நமக்குத் தோதான வண்டி. ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் கோழிக்கோடு. உட்கார்ந்து போகிற பெட்டிகள்தான், அதனால் பெரியவர்களுக்கு ஏறி இறங்கச் சிரமமில்லை. சூலூர் பக்கமிருந்து நாங்கள் நாலரைக்கே கிளம்பிவிடுவோம். திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இந்த வண்டியைப் பிடிப்பது கஷ்டம். அவர்கள் சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி வரும் மங்களூரு ரயில்களைப் பார்க்கலாம், நடுச்சாமத்துக்கு மேல் அந்த ஊர்களைத் தாண்டுகின்றன. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கேரளம் போகும் சில ரயில்கள் கோயம்புத்தூர் ஜங்ஷனுக்கு வராமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விடும். டிக்கெட்டில் ஏறும் நிலையம் எது என்று பார்க்காமல் கிளம்பினால், விடியற்காலையில் ஆட்டோ பிடித்துப் போத்தனூருக்கு ஓட வேண்டியிருக்கும்.

முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்ததைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை நாட்கள் என்றால் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. முன்பதிவில்லாப் பெட்டியில் போவதென்றால் இரண்டு விஷயம். இன்டர்சிட்டி சூப்பர்ஃபாஸ்ட் வண்டி. சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டில் ஏறினால் வித்தியாசத்தையும் அபராதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும், ஆகவே கவுண்டரிலோ ஆப்பிலோ சூப்பர்ஃபாஸ்ட் என்று சொல்லி வாங்குங்கள். இன்னொன்று, 200 கி.மீ.க்குக் குறைந்த தூரத்துக்கு முன்பதிவில்லா டிக்கெட்டைப் பயண நாளில்தான் வாங்க முடியும். வாங்கி மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டிக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். கோயம்புத்தூர்–கோழிக்கோடு இந்தக் கணக்குக்குள் வருகிறது. திருப்பூரிலிருந்து போனால் தூரம் 200-ஐத் தாண்டிவிடுவதால் மூன்று நாள் முன்னாலேயே வாங்கி வைக்கலாம்.

அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பார், "ஏங்கண்ணு, வயசானவங்களுக்கு டிக்கெட்டுல கொறச்சுத் தருவாங்கல்லோ?" 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை திரும்ப வரவில்லை. எங்கள் அம்மாவைப் போல, எங்கே போவதென்றாலும் செலவுக் கணக்குப் பார்த்துத் தயங்குகிற எத்தனையோ பெரியவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை மறுபடியும் வர வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

போகும்போது இடதுபக்க ஜன்னல், வரும்போது வலதுபக்கம். ஒட்டப்பாலத்திலிருந்து குற்றிப்புறம் வரைக்கும் பாரதப்புழை பாதைக்குத் தெற்கே கூடவே வரும். கோடையில் மணல் திட்டும் நாணலுமாக இளைத்துக் கிடக்கும், மழைக்காலத்தில் கரை தெரியாது. அந்த ஆற்றுக்கும் நமக்கும் உறவு உண்டு. ஆனைமலைப் பக்கம் பெய்கிற மழையில் ஒரு பங்கு ஆழியாறு வழியாக அதில்தான் போய்ச் சேர்கிறது. பொள்ளாச்சிக்காரர்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டலாம்.

இந்தப் பாதையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் பயணம் பிரியமாகப் போனது. கேரளத்தின் முதல் ரயில் 1861 மார்ச்சில் பேப்பூருக்கும் திரூருக்கும் நடுவே ஓடியது. அடுத்த வருஷமே அந்தப் பாதை சென்னையோடு சேர்ந்துவிட்டது. ஈரோடு, திருப்பூர், போத்தனூர் எல்லாம் மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைத்த அந்தப் பாதையில் உள்ள ஊர்கள். கோயம்புத்தூர் நகரத்துக்கு ரயில் வந்ததே அதற்குப் பிறகு, 1873-இல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் போன கிளைப் பாதையில்தான். அதனால்தான் ரொம்ப நாள் போத்தனூர் பெரிய ஜங்ஷனாக இருந்தது.

ரயிலுக்கு முன்னாலும் வழி இதுதான். போத்தனூருக்குப் பக்கத்திலுள்ள வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையிலிருக்கும் கொடுமணலில் மணிக்கல் அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கல்லெல்லாம் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போக இருந்த வழி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறெங்கும் இல்லை. ஆடி மாசம் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாடிகளைச் சுற்ற வைக்கிற காற்று அந்தக் கடலிலிருந்து கிளம்பி இந்த வழியாகத்தான் நம் காட்டுக்கு வருகிறது. பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்பொ நம்ம ஊட்டு மாடில அடிக்கற காத்து கடல்ல இருந்தா வருது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமாம் கண்ணு, அங்கிருந்துதான்.

மதுக்கரை தாண்டியதும் வண்டி மெதுவாகும். வாளையாறு வரை யானைகள் பாதையைக் கடக்கிற காடு. எத்தனையோ யானைகள் அங்கே ரயிலில் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2024-இல் மதுக்கரைப் பக்கம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில் ஓட்டுநருக்கும் தகவல் போகும். வண்டி நின்றுவிட்டால் எரிச்சல்பட வேண்டாம். அந்தத் தாமதம் நல்லதுக்குத்தான். வாளையாற்றுக்கு அப்புறம் வெயிலின் நிறமே வேறு. கோயம்புத்தூரில் வருஷத்துக்கு 700 மி.மீ. மழை பெய்தால் நல்ல வருஷம், கோழிக்கோட்டில் 3000 மி.மீ.க்கு மேல் கொட்டும். ஓட்டு வீடு, பாசி பிடித்த சுவர், கிணற்றில் கைக்கெட்டும் தண்ணீர். எங்கள் அம்மா கிணற்றைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாத ஊர்க்காரருக்கு அந்தப் பெருமூச்சு வரத்தான் செய்யும். ஷொர்ணூரில் வண்டி கொஞ்சம் நிற்கும். சூடாகப் பழம்பொரியும் டீயும் வாங்கிக்கொள்ளுங்கள். கோழிக்கோடு வரும் வரை கடல் தெரியாது, ஆனால் கடலுண்டிப் பாலத்தில் மேற்கே பார்த்தால் ஆறு கடலோடு கலக்கிற கழிமுகம் விரிந்து கிடக்கும். பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.

திரும்பும் வண்டியை முடிவு செய்துவிட்டுத்தான் நாளைத் திட்டமிட வேண்டும். திரும்பி வரும் இன்டர்சிட்டி மத்தியானமே கோழிக்கோட்டைத் தாண்டிவிடும். அதில் வருவதென்றால் இறங்கியதும் நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்புவதுதான் சரி. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம். மேற்குக் கடலில் பொழுது சாய்வதைப் பார்க்க ஆசைப்பட்டால் மாலைக்குப் பிறகு வரும் சென்னை ரயில்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும், வீடு வந்து சேர நடுச்சாமம் ஆகிவிடும். பெரிய பிள்ளைகள் இருந்தால் அந்தச் சிரமத்தைப் படலாம். கடலுக்குள் சூரியன் இறங்குவது கிழக்குக் கரையில் கிடைக்காத காட்சி. கொங்கண் பாதையில் வரும் தூரத்து ரயில்களுக்கு மழைக்கால அட்டவணை தனி, ஜூன் வாக்கில் நேரம் மாறும். பழைய நேரத்தை நம்பாமல் கிளம்பும் முந்தைய நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். காலையில் ஸ்டேஷன் பக்கத்திலேயே புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் குற்றிச்சிறை போவோம். ஆட்டோவுக்குப் பயப்பட வேண்டாம். கோழிக்கோட்டு ஆட்டோக்காரர்கள் மீட்டர் போட்டு ஓட்டுவதற்குப் பேர்போனவர்கள், மீதிச் சில்லறையை எண்ணித் தருவார்கள். குற்றிச்சிறையில் பெரிய குளம், அதன் பக்கத்தில் மிஷ்கால் பள்ளிவாசல். 14-ஆம் நூற்றாண்டில் ஓர் அரபு வணிகர் கட்டியது. மினார் கிடையாது. ஓட்டுக்கூரை அடுக்கடுக்காக ஏறுகிற மரக் கட்டடம், தூரத்திலிருந்து பார்த்தால் கேரளக் கோயில் மாதிரியே இருக்கும். 1510-இல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். சாமூதிரி அரசரின் ஆட்களும் முஸ்லிம் மக்களும் ஒன்றாக நின்று அவர்களை எதிர்த்தார்கள். நாங்கள் குளத்துப் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம். தொழுகை நேரத்தில் தொந்தரவு செய்யாமல், உள்ளே போக ஆசை என்றால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மத்தியானச் சாப்பாடு பற்றி ஒரு யோசனை. கோழிக்கோடு போய்ப் பிரியாணி சாப்பிடாமல் வரக்கூடாது, கைமா அரிசியில் செய்வது, நம் சீரகச் சம்பாவுக்கு உறவுக்கார அரிசி, காரம் நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் சனிக்கிழமை கவிச்சி தொடாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போனால் அந்த ஊரில் பாதி ருசி கைவிட்டுப் போகும். நாளைப் பார்த்துப் போங்கள். மீன் சாப்பிட ஆசையுள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகள் இழுவலை போடத் தடை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால் வைத்தது, நல்ல சட்டம். அந்த நாட்களில் வகைவகையான மீன் கிடைக்காது, விலையும் ஏறும். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவதென்றால் புளிச்சாதம் கட்டுங்கள். அந்தப் புழுக்கத்தில் தயிர்ச்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், அரிசியும்பருப்புச் சாதமும் ஊசிப்போகும்.

பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில், நிழலுக்கு வந்தால் ஆறிவிடும். அங்கே நிழலிலும் வேர்த்து ஊற்றும். அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் தலைசுற்றல் வந்தது. உப்புப் போட்ட எலுமிச்சை சர்பத்தைக் குடித்து, மானாஞ்சிறைக் குளக்கரை மர நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு சரியாகிவிட்டது. அதிலிருந்து மத்தியானத்தை ஓய்வுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். மிட்டாய்த் தெரு பக்கத்தில்தான். அல்வாவும் தேங்காயெண்ணெய் நேந்திரம் சிப்ஸும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

இனி கடல். இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கடல் தெரியாத ஊர்க்காரர்கள். கிணற்றில் குதித்து நீந்தத் தெரியும், பவானியிலும் அமராவதியிலும் எதிர்நீச்சல் போடத் தெரியும், அந்தத் தைரியத்தில் கடலில் இறங்கிவிடுகிறோம். ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கமாக இழுக்கும். கடல் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் இழுக்கும், காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். ஒருநாள் ஏப்ரல் விடுமுறையில் போயிருந்தோம். வானம் தெளிவு, காற்றே இல்லை, அலையும் பெரிதாக இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கணவரைக் கூப்பிட்டு, மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "இன்னிக்குக் கடல் சரியில்ல மோனே. பிள்ளைங்கள ஈர மணலுக்கே விட வேண்டா." நாங்கள் பிள்ளைகளை மேலே கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும், எங்கள் செருப்பை முதலில் வைத்திருந்த இடத்தையும் தாண்டித் தண்ணீர் வந்தது. காற்றில்லாமல், சத்தமில்லாமல், மூன்று நாலு அலை அடுத்தடுத்து.

கள்ளக்கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது அதைத்தான். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எங்கோ புயல் அடிக்கும். அதில் கிளம்பிய அலை ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்து சில நாள் கழித்து இந்தக் கரையில் வந்து ஏறும். இங்கே வானத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மழைக்காலத்துக்கு முந்தின மாதங்களில், ஏப்ரல் மே வாக்கில், இது அடிக்கடி வரும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுகிற அதே மாதங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, கேரளச் செய்திகளில் எல்லாம் வரும். கிளம்பும் முந்தின நாள் ரயில் நேரம் பார்க்கும்போதே இதையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, தண்ணீரில் இறங்காமல் தள்ளி உட்கார்ந்தால் போதும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கடல் எப்போதும் கொந்தளிப்புதான், அப்போது இறங்கவே வேண்டாம்.

மற்ற நாட்களிலும் எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு இதுதான்: பிள்ளைகளுக்கு முழங்கால் அளவு, பெரியவர்களுக்கும் இடுப்புக்கு மேல் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் கையில் போன் கிடையாது. கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுப்பதில்லை. உயிர்காப்பாளர் விசில் ஊதினால் ஏன் என்று கேட்காமல் மேலே வந்துவிட வேண்டும். பழைய கடல்பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும். பார்க்க அழகு, ஆனால் துருப்பிடித்த இரும்பு, பக்கத்தில் குளிக்க வேண்டாம். தண்ணீரில் விழுந்தவரைப் பிடிக்க நீச்சல் தெரிந்த சொந்தக்காரர் குதிப்பதும், இரண்டு பேரும் போவதும் நம் ஊர்ச் செய்தித்தாளில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். கயிறோ, காலி பிளாஸ்டிக் கேனோ, எது கிடைத்தாலும் எறியுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் குதிக்காதீர்கள்.

தண்ணீரில் இறங்காமலே அந்தக் கடற்கரையில் பொழுது நன்றாகப் போகும். உப்பில் ஊறவைத்த மாங்காய், நெல்லிக்காய், அன்னாசி விற்கிற தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். அம்மா அந்த நெல்லிக்காயைத் தின்றுகொண்டு சாயங்காலம் முழுக்க அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "இத்தன தண்ணி இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாதுங்கறாங்களே" என்று அதிசயப்படுவார். கல்லுமேல்காய் என்கிற கடல் சிப்பி வறுவலும் பால் விடாத சுலைமானி டீயும் எங்களுக்கு.

மாற்றுடை ஆளுக்கு ஒன்று, பழைய துண்டு, ஈரத்துணிக்கு வாய் கட்டும் பை, காலைக் கழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர். மணலை ஈரத்தோடு துடைத்தால் போகாது, காய்ந்த பிறகு தட்டினால் உதிர்ந்துவிடும். வண்டி நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கடற்கரையை விட்டுக் கிளம்புங்கள். ஞாயிறு சாயங்காலம் அந்தச் சாலையில் கூட்டம் நகராது. முட்டிவலி உள்ளவர்கள் எந்தப் பிளாட்பாரம் என்று முதலிலேயே கேட்டு, லிஃப்ட் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வாஸ்கோடகாமா 1498-இல் வந்த காப்பாடு வடக்கே 16 கி.மீ., மரக்கப்பல் கட்டுகிற பேப்பூர் தெற்கே 10 கி.மீ. என்று எல்லோரும் பட்டியல் தருவார்கள். ஒரே நாளில் அத்தனையையும் பார்க்கக் கிளம்பினால் பாதி நாள் ஆட்டோவில்தான் போகும். முதல் தடவை ஊரும் கடலும் போதும். பேப்பூருக்கு நாங்கள் தனியாக ஒருநாள் வைத்துக்கொண்டோம். உரு என்று சொல்லும் பெரிய மரக்கப்பல்களை அங்கே தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். சாலியாறு கடலில் சேரும் இடத்தில் கல்லைக் கொட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர்மேல் கடலுக்குள்ளேயே நடந்து போகலாம். நம் ஊர்களைத் தாண்டி வந்த அந்த முதல் ரயில் பாதை அன்றைக்கு முடிந்ததும் இந்த முகத்துவாரத்தில்தான், கோழிக்கோடு வரை அது நீண்டது 1888-இல். பேப்பூர் மட்டும் போவதென்றால் கோழிக்கோட்டுக்கு முந்தின ஃபெரோக் நிலையத்தில் இறங்குவது பக்கம். எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்காது, டிக்கெட் எடுக்கும் முன் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.